ஒரு டீத்தூள் பாக்கெட்டின் பின்னாலேயே போங்கள்

கேள்வி: மேடம், நான் கோத்தகிரி பக்கத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். வயது 36. எம்.காம். படித்திருக்கிறேன். எங்கள் பகுதிச் சிறு தேயிலை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக இலைக் கணக்கும் பணப் பட்டுவாடாவும் பார்த்து வருகிறேன். இப்போது எங்கள் டீத்தூளை இணையத்தில் நேரடியாக விற்பதென்று முடிவு செய்து, அந்த வேலைக்கு என்னைப் பிராஜெக்ட் மேனேஜராகப் போட்டுவிட்டார்கள். கோவையில் ஒரு கம்பெனி வெப்சைட் செய்து தருகிறது. வாரம் ஒருநாள் வீடியோ மீட்டிங். ஏபிஐ, வெப்ஹூக், ஸ்டேஜிங், கேட்வே என்று பேசிக்கொண்டே போகிறார்கள். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை சந்தேகம் கேட்டபோது அங்கிருந்த ஒரு தம்பி சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு வாய் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. மூன்று வாரமாக ‘80 சதவீதம் முடிந்துவிட்டது’ என்கிறார்கள். எங்கள் போர்டு கூட்டத்தில் நானும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆறு மாத கோடிங் கோர்ஸில் சேரட்டுமா? இல்லை, விஷயம் தெரிந்த வேறு யாரிடமாவது ஒப்படைக்கச் சொல்லிவிடட்டுமா?

– கோத்தகிரி வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

கோர்ஸும் வேண்டாம், ஒப்படைக்கவும் வேண்டாம். ஆறு மாதம் படித்தால் சின்னதாக ஒரு புரோகிராம் எழுத வரும். அதற்குள் உங்கள் வெப்சைட் ஓட ஆரம்பித்திருக்கும். அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அந்தக் கோர்ஸ் சொல்லித் தராது. நானும் பி.காம். முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வந்தவள்தான். கோவையில் இருபது வருடத்துக்கு மேல் பிராஜெக்ட் மேனேஜராக இருந்துவிட்டு இப்போது குன்னூரில் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு வரி கோடு எழுத வேண்டிய தேவை எனக்கு வரவில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ஏபிஐயும் வெப்ஹூக்கும் அல்ல. ஒன்பது வருடம் இலைக் கணக்கு பார்த்தேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

ஒரு விவசாயி வந்து, ‘நான் 62 கிலோ போட்டேன், புத்தகத்தில் 57 என்று இருக்கிறது’ என்று நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஃபேக்டரிக்குள் போய், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. மெஷினைக் கழற்றிப் பார்க்க மாட்டீர்கள். எடை போட்ட இடத்துச் சீட்டை எடுப்பீர்கள். லாரியில் ஏற்றிய கணக்கைப் பார்ப்பீர்கள். ஃபேக்டரி வாசலில் போட்ட எடை, ஈரத்துக்குக் கழித்தது, லெட்ஜரில் ஏறியது என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எந்த இரண்டு சீட்டுக்கு நடுவில் அந்த 5 கிலோ காணாமல் போனது என்று கண்டுபிடிப்பீர்கள். இணைய வியாபாரத்தைப் புரிந்துகொள்வதும் இதே வேலைதான். இலைக்குப் பதிலாக ஆர்டர், சீட்டுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் பதிவு. மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று கோவைக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடங்களை நீங்கள் பாருங்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கும்.

அதனால் ஒரே ஒரு பாக்கெட்டின் பின்னாலேயே போவோம். தாம்பரத்தில் ஒரு அம்மா உங்கள் டீத்தூளில் கால் கிலோ பாக்கெட் இரண்டு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கைபேசியில் பார்க்கும் பக்கம் வெறும் கடை முகப்பு. படம், விலை, ‘கையிருப்பு உள்ளது’ என்ற வரி எல்லாம் சர்வர் என்ற வாடகைக் கம்ப்யூட்டரிலிருந்து வருகின்றன. அது மும்பையில் ஏதோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கலாம். அதற்குள் இருக்கும் லெட்ஜர்தான் டேட்டாபேஸ். பாக்கெட் எத்தனை இருக்கிறது, விலை என்ன, யார் வாங்கினார்கள் என்பதெல்லாம் அதில்தான் ஏறும். இந்த இடத்தில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: விலையை மாற்ற வேண்டுமென்றால் நானே மாற்றலாமா, அல்லது ஒவ்வொரு முறையும் உங்களுக்குப் போன் செய்ய வேண்டுமா? பதில் இரண்டாவது என்றால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

அந்த அம்மா பின்கோடு போடுகிறார். அந்த ஊருக்குக் கூரியர் போகுமா, எத்தனை நாள் ஆகும், எவ்வளவு கட்டணம் என்று பக்கத்தில் தெரிகிறது. இந்த விவரம் உங்கள் சர்வரில் கிடையாது. கூரியர் கம்பெனியின் சர்வரைக் கேட்டு வாங்கி வருகிறது. ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரை இப்படி ஒழுங்கு முறையாகக் கேட்டுப் பதில் வாங்கும் வழிதான் ஏபிஐ. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நம் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததே, அதை நினைத்துப் பாருங்கள். குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் நிற்பவரிடம் மலைக்கு வரும் வண்டிகளின் பட்டியல் இல்லை. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார், எங்கோ இருக்கும் சர்வரிடம் கேள்வி போகிறது, ‘சரி’ அல்லது ‘இல்லை’ என்று பதில் வருகிறது. அங்கே சிக்னல் இல்லாமல் போனால் என்ன ஆகும்? வண்டிகள் வரிசையில் நிற்கும். உங்கள் வெப்சைட்டிலும் அப்படித்தான். ‘கூரியர்காரர்கள் சர்வர் பதில் சொல்லாவிட்டால் நம் பக்கம் என்ன காட்டும்?’ என்று கேளுங்கள். ஏபிஐ எந்த மொழியில் எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்வதைவிட இந்தக் கேள்வி முக்கியம்.

இனி பணம். இங்கே நிதானமாக நில்லுங்கள், ஏனென்றால் நான் அடிபட்ட இடம் இது.

அந்த அம்மா யுபிஐயில் பணம் கட்டுகிறார். பணம் நேராக உங்கள் வங்கிக்கு வருவதில்லை. நடுவில் பேமென்ட் கேட்வே என்ற கம்பெனி வாங்கி வைத்துக்கொள்கிறது. ‘இந்த ஆர்டருக்குப் பணம் வந்துவிட்டது’ என்பது உங்கள் சர்வருக்கு இரண்டு வழியில் தெரிய வரும். ஒன்று, பணம் கட்டி முடிந்ததும் அந்த அம்மாவின் கைபேசித் திரை திரும்ப உங்கள் பக்கத்துக்கு வந்து, அது சொல்லும். இன்னொன்று, கேட்வே கம்பெனியின் சர்வர் தானாகவே உங்கள் சர்வரைக் கூப்பிட்டுச் சொல்லும். இந்த இரண்டாவதுக்குப் பெயர்தான் வெப்ஹூக். முதல் வழியை மட்டும் நம்ப முடியாது. பணம் கட்டியதும் அந்த அம்மா பட்டனை அழுத்தி வெளியே வந்திருக்கலாம். சார்ஜ் தீர்ந்திருக்கலாம், நெட் போயிருக்கலாம். பணம் போயிருக்கும், ஆர்டர் விழுந்திருக்காது.

பல வருடங்களுக்கு முன்னால் கோவையில் ஒரு துணிக் கடைக்கு நாங்கள் இணைய விற்பனை தொடங்கினோம். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. ‘பேமென்ட் வேலை செய்கிறதா?’ என்று நான் கேட்டேன். ‘செய்கிறது மேடம்’ என்றார்கள். முதல் நாள் மாலை திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். பணம் எடுத்துவிட்டார்கள், ஆர்டர் நம்பர் வரவில்லை என்றார். அரை மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது முறை அழுதுகொண்டே பேசினார். குழந்தைக்குத் தீபாவளிச் சட்டை, அந்த மாதம் அவரிடம் இருந்த பணம் அவ்வளவுதான். அன்று இரவு கேட்வேயின் பட்டியலையும் எங்கள் ஆர்டர் பட்டியலையும் பக்கம் பக்கமாகப் பிரிண்ட் எடுத்து, தரையில் விரித்து, ஸ்கேல் வைத்து வரி வரியாக டிக் அடித்தேன். டிக் விழாத வரிகள் நிறைய. எல்லாமே பணம் கட்டியவுடன் பக்கத்தை மூடியவர்கள்.

காரணம் ஒரே ஒரு வரி. ‘பணம் வந்தால் இந்த முகவரிக்குச் சொல்’ என்று கேட்வேயில் பதிந்து வைத்திருந்த முகவரி, சோதனைக்காக வைத்திருந்த வெப்சைட்டினுடையது. நிஜ வெப்சைட்டுக்கு மாற்ற மறந்துவிட்டார்கள். தகவல் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆள் இல்லாத வீட்டுக்கு. அந்தப் பையன்கள் என்னிடம் பொய் சொல்லவில்லை. அவர்கள் திரையில் வேலை செய்தது. நான் கேட்ட கேள்விதான் தவறு. ‘பணம் கட்டியவர் உடனே பக்கத்தை மூடிவிட்டால் ஆர்டர் விழுமா? என் கண் முன்னால் செய்து காட்டுங்கள்’ என்று கேட்டிருக்க வேண்டும். இப்படிக் கேட்பதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை என்பதை அன்று இரவு தரையில் உட்கார்ந்துகொண்டு யோசித்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

உங்கள் மீட்டிங்கில் இதை அப்படியே கேளுங்கள். கூடவே இன்னொன்றும். வெப்ஹூக் சில நேரம் ஒரே தகவலை இரண்டு தடவை அனுப்பும். பதில் வரவில்லை என்றால் திரும்ப அனுப்புவது அதன் பழக்கம். இரண்டாவது தடவை வரும்போது இரண்டாவது ஆர்டராகப் பதிந்துகொண்டால் தாம்பரம் அம்மாவுக்கு நான்கு பாக்கெட் போகும். ‘ஒரே தகவல் இருமுறை வந்தால் என்ன செய்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். சிரித்த தம்பி இந்த முறை நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வார்.

பணம் எடுத்து ஆர்டர் விழாதவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, கடைக்கு யுபிஐயில் கட்டிய பணம் கடைக்காரருக்கு உறுதியாகாமல் போனால், 5 நாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு. போனில் பேசும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்து வையுங்கள். ஆனால் கேட்வேக்குப் பணம் ஒழுங்காக வந்து சேர்ந்து, நம் பக்கம் மட்டும் பதியாமல் விட்டிருந்தால் அந்தப் பணம் தானாகத் திரும்பாது. அதை நாம்தான் கண்டுபிடித்து ஆர்டராகப் போட வேண்டும், இல்லை திருப்பித் தர வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி? இங்கே நீங்கள் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரர். தினமும் மூன்று கணக்கு: வெப்சைட்டில் விழுந்த ஆர்டர், கேட்வே வாங்கிய பணம், வங்கியில் வந்த பணம். மூன்றும் ஒன்றோடொன்று உட்கார வேண்டும். வங்கியில் ஆர்டர் வாரியாகப் பணம் வராது, மொத்தமாக வரும், அதுவும் கழித்துக்கொண்டு வரும். ஒருநாள் 450, 900, 1,350 என்று மூன்று ஆர்டர் கார்டில் வந்ததாக வைப்போம். மொத்தம் 2,700. கேட்வே கட்டணம் 2 சதவீதம் என்றால் 54 ரூபாய். ஓரிரு வேலை நாள் கழித்து உங்கள் பாஸ்புக்கில் 2,646 ரூபாய் என்று ஒரே ஒரு வரி இருக்கும். இது எந்த மூன்று ஆர்டரின் பணம் என்று காட்டும் அறிக்கை கேட்வேயில் கிடைக்கும். அதை எங்கே எடுப்பது என்று கோவைக்காரர்கள் உங்களுக்கு இப்போதே காட்டித் தர வேண்டும். ‘அக்கவுன்ட்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தேயிலைக் கணக்கு மாதக் கடைசியில் தீரும். இதை அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும்.

ஆர்டர் விழுந்ததும் கையிருப்பு குறைய வேண்டும். உங்களிடம் கடையும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கோத்தகிரியில் நேராக வந்து வாங்குபவர்களும் இருந்தால் இதைக் கவனியுங்கள். கடையில் விற்ற பாக்கெட்டை யார் வெப்சைட் கணக்கில் கழிப்பார்கள்? சீசனில் ஒரே நாளில் கடையில் முப்பது பாக்கெட் போய்விடும். வெப்சைட் அது தெரியாமல் ‘கையிருப்பு உள்ளது’ என்று விற்றுக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. இணையத்துக்கென்று ஒரு அலமாரியில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அந்த எண்ணிக்கையை மட்டும் வெப்சைட்டில் ஏற்றுங்கள். நிறையப் பேர் செய்யத் தவறும் எளிய ஏற்பாடு.

இந்த ‘80 சதவீதம்’ விஷயத்துக்கு வருகிறேன். அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. எதில் 80? பக்கங்களிலா, வேலை நேரத்திலா? அடுத்த மீட்டிங்கிலிருந்து சதவீதம் கேட்காதீர்கள். ‘இன்று எதைச் செய்து காட்டுவீர்கள்?’ என்று கேளுங்கள். அவர்கள் திரையில் அவர்களே ஓட்டிக் காட்டுவதும் போதாது. லிங்க்கை அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் உங்கள் கைபேசியில், கோத்தகிரி சிக்னலில் செய்து பாருங்கள். ஸ்டேஜிங் என்பது ஒத்திகை மேடை, அங்கே பொய்ப் பணம்தான் ஓடும். லைவ் என்பது நிஜக் கடை. ஒத்திகையில் நன்றாக ஓடியது என்பதற்காகத் திறப்பு விழா வைத்துவிடக் கூடாது. ஊருக்குச் சொல்வதற்கு முன், லைவ் கடையில் நீங்களும் உங்கள் வீட்டாரும் நிஜப் பணம் போட்டுப் பத்து ஆர்டராவது செய்யுங்கள். ஒன்றை ரத்து செய்யுங்கள். ஒன்றில் பின்கோடைத் தப்பாகப் போடுங்கள். ஒன்றில் பணம் கட்டியவுடன் பக்கத்தை மூடுங்கள். கடைசி ஒரே ஒரு பாக்கெட் இருக்கும்போது இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாங்கிப் பாருங்கள். கம்ப்யூட்டரே தொடாத உங்கள் அத்தையையோ பெரியம்மாவையோ ஒரு ஆர்டர் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் பாருங்கள். எந்த இடத்தில் அவர் விரல் தயங்குகிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள்.

போர்டிலும் இனி இப்படியே சொல்லுங்கள்: இன்னின்னது என் கைபேசியில் நடந்தது, இன்னின்னது நடக்கவில்லை. சதவீதத்தைவிட இது அவர்களுக்கும் சுலபமாகப் புரியும்.

அடுத்தது, இன்றே செய்ய வேண்டியது. வெப்சைட் பெயர், அதாவது டொமைன், யார் பெயரில் வாங்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். செய்து தரும் கம்பெனியே தன் பெயரில் வாங்கிப் போடுவது சகஜம். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, அவசரத்தில் செய்திருப்பார்கள். ஆனால் நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் உங்கள் கடையின் பெயர்ப் பலகை அவர்கள் வீட்டில் இருக்கும். டொமைன், சர்வர் கணக்கு, கேட்வே கணக்கு, கூரியர் கணக்கு, வெப்சைட்டின் புரோகிராம் கோடு சேமித்து வைக்கும் கணக்கு எல்லாம் உங்கள் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மெயில் ஐடியில் இருக்க வேண்டும். உங்கள் சொந்த மெயிலிலும் வேண்டாம். அவர்களுக்கு நாம் அனுமதி கொடுப்போம், தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்வோம். பேக்கப், அதாவது கடைத் தகவல்களின் நகல், எடுக்கிறீர்களா என்று கேட்டால் எடுக்கிறோம் என்பார்கள். போன வார பேக்கப்பிலிருந்து கடையை ஒருமுறை திரும்பக் கட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

டெக்னாலஜி என்று தோன்றாத, ஆனால் திறப்பு விழாவைத் தள்ளிப்போட வைக்கும் சில வேலைகளும் உண்டு. ‘உங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டது’ என்று போகும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கு அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் டிஎல்டி என்ற முறையில் முன்கூட்டியே பதிய வேண்டும். இல்லாவிட்டால் செய்தி போகாது. இந்தப் பதிவுக்கு நாட்கள் பிடிக்கும், அதை கோடிங் தெரிந்தவரால் வேகப்படுத்த முடியாது. உங்கள் வேலை அது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிம எண், நிகர எடை, விலை, எந்த நாட்டில் உற்பத்தியானது என்பதெல்லாம் பக்கத்திலேயே தெரிய வேண்டும். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, குறைதீர் அதிகாரி ஒருவரின் பெயரும் தொடர்பு விவரமும் போட வேண்டும். புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் ‘கிடைத்தது’ என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் கார்டு நம்பரை நம் சர்வரில் சேமித்து வைக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர்கள் அதைச் சேமிக்கக் கூடாது.

தேயிலைக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். ‘நீலகிரி ஆர்தடாக்ஸ்’ என்பது, இலையைக் கிழிக்காமல் உருட்டிச் செய்யும் தேயிலைக்கான, புவிசார் குறியீடு பெற்ற பெயர். உங்கள் தூள் சி.டி.சி. என்றால் அந்த வார்த்தையும் முத்திரையும் பக்கத்தில் வரக் கூடாது. வர்ணனை எழுதும் கோவைப் பிள்ளைகளுக்கு ஆர்தடாக்ஸுக்கும் சி.டி.சி.க்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. அழகாக இருக்கிறதே என்று போட்டுவிடுவார்கள். அந்தப் பக்கத்தை ஒவ்வொரு எழுத்தாக நீங்கள் படியுங்கள். தேயிலை விஷயத்தில் அங்கே உங்களைவிட விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை.

நம் மலைக்கென்று உள்ள சங்கடங்கள் கோவையில் உட்கார்ந்து வெப்சைட் செய்பவருக்குத் தோன்றாது. உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் அடித்துப் பெய்யும். அக்டோபர், நவம்பரில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கூரியர் வண்டி ஏறாது. பார்சல் இரண்டு நாள் உங்கள் கூடத்திலேயே கிடக்கும். அப்போது வெப்சைட் ‘மூன்று நாளில் வந்து சேரும்’ என்று சொல்லிக்கொண்டிருக்கலாமா? அந்த வாசகத்தையும் நாள் கணக்கையும் நீங்களே ஒரு நிமிடத்தில் மாற்றும்படி வசதி வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். கரண்டும் நெட்டும் போன நாளில் பேக்கிங் செய்யும் பெண்கள் அன்றைய ஆர்டரை எதைப் பார்த்துக் கட்டுவார்கள்? காலை எட்டு மணிக்கு ஒரு பட்டியல் பிரிண்ட் எடுத்து வைப்பதுகூடப் போதும். ஆனால் அதை யார் எடுப்பது என்பது முடிவாகியிருக்க வேண்டும். பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் முறையை முதல் சில மாதம் தவிர்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். வாங்காமல் திருப்பி அனுப்பிய பாக்கெட்டுக்குப் போகிற கூலியும் வருகிற கூலியும் உங்கள் தலையில்தான் விழும். மழைக்காலத்தில் அலைந்து திரும்பி வந்த டீத்தூளை மறுபடி விற்கவும் உங்களுக்கு மனசு வராது.

சிரித்த தம்பியைப் பற்றி. அவருக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வயதில் தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றும். கோபப்படவும் வேண்டாம், அதற்காக வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். நீங்கள் தலையாட்டிய ஒவ்வொரு இடத்திலும் ‘மேடத்துக்குப் புரிந்துவிட்டது, ஒத்துக்கொண்டார்’ என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது மீட்டிங் குறிப்பிலும் ஏறியிருக்கும். அதனால் போன மீட்டிங் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, புரியாமல் ஒத்துக்கொண்டதைப் பென்சிலால் சுழித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்த இடங்களை மட்டும் மறுபடி திறங்கள். ‘தம்பி, இது எனக்குப் புரியவில்லை. தாம்பரத்தில் அந்த அம்மா பட்டனை அழுத்தியதிலிருந்து சொல்லுங்கள்’ என்று ஆரம்பியுங்கள். அவரால் சொல்ல முடிந்தால் உங்களுக்குப் புரிந்துவிடும். சொல்ல முடியாவிட்டால், அந்த இடத்தை அவரும் இன்னும் யோசிக்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். என் அனுபவத்தில் பெரிய சிக்கல்கள் பலவும் இப்படித்தான் வெளியே வந்தன.

இந்த வாரம் ஒரு சார்ட் பேப்பர் வாங்குங்கள். இடது ஓரத்தில் தாம்பரம் அம்மாவை வரையுங்கள், வலது ஓரத்தில் உங்கள் பாஸ்புக்கை. நடுவில் வெப்சைட், டேட்டாபேஸ், கேட்வே, கூரியர், எஸ்.எம்.எஸ்., பேக்கிங் மேஜை என்று கட்டம் போட்டு அம்புக்குறியால் இணையுங்கள். ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் மூன்று விஷயம் எழுதுங்கள்: யார் யாருக்குச் சொல்கிறார்கள், என்ன சொல்கிறார்கள், சொல்லாமல் போனால் யாருக்கு முதலில் தெரியும். மூன்றாவதை எழுத முடியாத அம்புக்குறிகளைச் சிவப்புப் பேனாவில் போடுங்கள். வீடியோ மீட்டிங்கில் அந்தப் பேப்பரைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து, சிவப்புக் கோடுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முடிந்ததும் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எத்தனை கோடு இன்னும் சிவப்பாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, திறப்பு விழாத் தேதியைப் பற்றி அப்போது பேசலாம்.